ஆதாரைக் காட்டினால் வயது பதினெட்டு ஆகிவிடாது

மறுபடியும் அதே குழந்தைத் திருமண வழக்கு. காசிமேட்டில் படகு வேலைக்குப் போகும் பையன் புழல் சிறையில் இருக்கிறான். இரண்டு வீட்டாரும் பேசி, பத்திரிகை அடித்து நடத்திய கல்யாணம்தான். பெண்ணை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போன இடத்தில் அவளுக்கு 17 என்று தெரிந்து, மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டது. டாக்டரைத் திட்டாதீர்கள். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அவர் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அவர் மீதே வழக்கு வரும்.

"ஆதார்ல பதினெட்டு முடிஞ்சிருக்கே மேடம்!" என்கிறார் பெண்ணின் அம்மா. வியாசர்பாடியிலிருந்து வந்தாலும் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்தாலும் இதையேதான் சொல்கிறார்கள். எத்தனை முறை சொல்வது? ஆதார் நீங்கள் யார் என்று காட்டும் அட்டை. பிறந்த தேதிக்கு அது சான்று இல்லை. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இறந்தவருக்கு ஆதார்படி 47, பள்ளிச் சான்றுப்படி 45. பள்ளிச் சான்றைத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது, குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகையும் கூடியது.

சிறார் வயதுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வரிசையே போட்டிருக்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லாவிட்டால் மாநகராட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை, அதிலும் ஒன்றிரண்டு வருடம் முன்பின் ஆகும். திருட்டு வழக்கில் பிடிபட்ட உங்கள் பையன் சிறார் குழுமத்துக்குப் போவானா, பெரியவர்களுக்கான கோர்ட்டுக்கா என்பதும் இதே காகிதத்தை வைத்துத்தான்.

"வயசுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு", "அவளே சம்மதிச்சா" என்பதெல்லாம் சட்டத்தின் முன் நிற்காது. 18க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே இல்லை, தாலி கட்டியதும் காப்பாற்றாது. அவள் கர்ப்பமானால் குறைந்தபட்ச தண்டனை 20 ஆண்டு. சில வழக்குகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது, உண்மைதான். அதை நம்பிக் கல்யாண மண்டபம் பிடிக்காதீர்கள். நடத்தி வைத்த பெரியவர்கள் மீதும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பாயும்.

இன்னொன்று, ஒன்றாம் வகுப்பில் இடம் வாங்க பிறந்த தேதியை மாற்றிப் போடும் பழக்கம். பிறகு கோர்ட்டில் அந்தத் தேதியை யாரும் சரிக்கட்டித் தர மாட்டார்கள்.

குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். பெயரில்லாத சான்றாக இருந்தால் பெயரைச் சேருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து திருமணப் பதிவு வரை பிறப்புச் சான்றுதான் கேட்பார்கள். சென்னை மாநகராட்சி இணையதளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம், புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பள்ளிச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்குப் பந்தல் போட்டால், தயவுசெய்து முகூர்த்தத்துக்கு முன்பே குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லிவிடுங்கள்.