இருந்த பவர் எங்கே போனது?

பினாங்கின் பிறையில் டீசல் பிக்கப்புகளைப் பழுது பார்க்கும் எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, என்ன போட்டா இழுவை கூடும்?" கேட்பவர் கையில் போன் இருக்கும். அதில் ஒரு பெட்டியோ ஃபில்டரோ, கூடவே '40 குதிரைத்திறன் கூடும்' என்ற விளம்பரமும் இருக்கும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறிய பிறகு, 'எண்ணெயும் மிச்சமாகும்' என்ற வரியையும் விற்பவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

டீசல் எஞ்சினின் பவர் என்பது அது எரிக்கும் எண்ணெய்தான். அந்த எண்ணெய் முழுசாக எரியக் காற்று வேண்டும். எவ்வளவு எண்ணெய் பீய்ச்சுவது, டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளுவது என்ற இரண்டையும் முடிவு செய்வது இ.சி.யு. என்கிற கணினி. அந்தக் கணக்கைத் தொடாத எந்தப் பொருளாலும் பெரிதாகப் பவர் ஏற்ற முடியாது. எண்ணெய்க் குழாயில் மாட்டும் காந்தம், காற்றுக் குழாய்க்குள் சுழலும் காற்றாடி, பேட்டரியில் சொருகும் டப்பா எல்லாம் 'இது இ.சி.யு. கணக்கைத் தொடுகிறதா?' என்ற ஒரு கேள்வியிலேயே அடிபட்டுப் போகும்.

கூம்பு வடிவக் காற்று ஃபில்டரைக் கொஞ்சம் பார்க்கலாம். போட்டதும் டர்போவின் விசில் சத்தம் கேட்கும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகக் காது நம்பிவிடும். ஆனால் கம்பெனி ஃபில்டர் பெட்டி வெளிக்காற்றை இழுக்கிறது, திறந்த கூம்போ பானட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை இழுக்கிறது. 33 டிகிரிக் காற்றுக்குப் பதில் 60 டிகிரிக் காற்று போனால் அதன் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. எண்ணெய் தடவிய ஃபில்டராக இருந்து, அந்த எண்ணெய் காற்றளவு சென்சாரில் படிந்தால் அப்புறம் அது வேறு பழுது.

பெடல் கண்ட்ரோலரைப் பொய் என்று சொல்ல மாட்டேன். லேசாக மிதித்தாலே பாதி மிதித்ததாக இ.சி.யு.வுக்குச் சொல்லும், அவ்வளவுதான். வண்டி துள்ளிக் கிளம்பும். முழுதாக மிதித்தால் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பெரிய எக்ஸாஸ்ட் குழாய் போட்டால் டர்போ கொஞ்சம் மூச்சு விடும், உண்மை. ஆனால் இ.சி.யு. பழைய கணக்கிலேயே ஓடும்போது கிடைப்பது பெரும்பாலும் சத்தம்.

நிஜமாகவே பவர் ஏற்றுபவை இரண்டு. முதலாவது, வயரில் இடையே சொருகும் 'சிப்' பெட்டி. மலிவான பெட்டிகளில் பல, எரிபொருள் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு எண்ணெயைப் பகிரும் குழாய்) அழுத்தத்தைக் குறைத்துக் காட்டிப் பொய் சொல்லும். உள்ளே 1,500 பார் இருந்தால் 1,350 என்று சொல்லும். இ.சி.யு. நம்பி அழுத்தத்தை ஏற்றும், எண்ணெய் கூடுதலாகப் பாயும், இழுவையும் கூடும். ஆனால் உண்மையான அழுத்தம் என்னவென்று இப்போது எஞ்சினுக்கே தெரியாது. பம்பும் இன்ஜெக்டரும் நாள் முழுதும் கூடுதல் சுமையில் ஓடும். புகைச்சலும் சூடும் ஏறும்.

இரண்டாவது ரீமேப், அதாவது இ.சி.யு.வின் கணக்கையே திருத்தி எழுதுவது. தெரிந்தவர் செய்தால் வித்தியாசம் மிதித்ததும் தெரியும். ஆனால் கம்பெனி விட்டுவைத்த மிச்சத்திலிருந்துதான் அதை எடுக்கிறோம். டொயோட்டா தன் 2.8 லிட்டர் ஹைலக்ஸ் எஞ்சினை 2020-இல் 177 குதிரைத்திறனிலிருந்து 204-க்கு உயர்த்தியது. ஏறியது 27. அதற்கே டர்போ உட்பட எஞ்சினில் பல பாகங்களை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பெட்டி அரை மணி நேரத்தில் 40 தரும் என்றால், அந்தச் சூட்டைப் பிஸ்டனும் டர்போவும் கிளட்சும் எப்படித் தாங்கும் என்று விற்பவரிடம் கேட்கலாமே. மேனுவல் வண்டியில் முதலில் கிளட்ச் வழுக்கும். ஆட்டோ கியரில் தேய்மானம் உள்ளுக்குள் நடக்கும், பில் வரும்போதுதான் தெரியும்.

எனக்கு வேடிக்கையாக இருப்பது டயர் விஷயம். 265/65 ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு 285/70 போட்டால் விட்டம் 7 சதவீதம் கூடும். ரோட்டில் கிடைக்கும் இழுவிசை கிட்டத்தட்ட அதே அளவு குறையும், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-இல் போகும். டயருக்கும் ரிம்முக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, "வண்டி மந்தமா போச்சு, சிப் போடணும்" என்று வருவார்கள்.

ஆனால் 'பவர் வேண்டும்' என்று வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதுப் பவர் தேவையே இல்லை. இருந்ததைத் தொலைத்துவிட்டன. டுரியான் பருவத்தில் பாலிக் புலாவ் தோட்டங்களிலிருந்து வரும் பிக்கப்புகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். சுமையோடு துன் சார்டோன் சாலை ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, கறுப்புப் புகை தள்ளுகிறது என்பார்கள். பானட்டைத் திறந்தால், டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாயில், கிளிப்புக்கு அடியில் ஒரு கீறல். சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. டர்போ அழுத்தம் ஏறினால் வாய் திறக்கும். அளந்து அனுப்பிய காற்று வழியிலேயே ஒழுக, எண்ணெய் மட்டும் முழு அளவில் பாய்ந்து புகையாகப் போகும். இதற்கு மேல் சிப் போட்டால் புகைதான் இரட்டிப்பாகும்.

அடுத்து ஈ.ஜி.ஆர். கரி. எரிந்த வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் அமைப்பு அது. அந்தக் கரியும் எஞ்சின் ஆயில் ஆவியும் சேர்ந்து இன்டேக் குழாயில் கறுப்புப் பசையாகப் படியும். ஜார்ஜ்டவுன் நெரிசலில் மட்டுமே ஊர்ந்த வண்டியைக் கழற்றினால், காற்று போகும் வழி பாதியாகச் சுருங்கியிருப்பதைக் காணலாம். அதே கரி டர்போவின் அசையும் இதழ்களையும் பிடித்து நிறுத்திவிடும். டீசல் ஃபில்டரையும் மறக்கக்கூடாது. பாமாயில் கலந்த பயோடீசல் பழைய டாங்கியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து அங்கேதான் சேர்க்கும். பிரேக் காலிப்பர் சிக்கி ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடுவதும் உண்டு. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு ரிம்மின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

அதனால் ரீமேப் கேட்டு வந்தாலும் முதலில் ஸ்கேனர் மாட்டி ஓட்டிப் பார்ப்போம். இ.சி.யு. கேட்கும் டர்போ அழுத்தமும் உண்மையில் வரும் அழுத்தமும் ஒத்துப்போகிறதா, ரெயில் அழுத்தம் தடுமாறுகிறதா என்று பார்ப்போம். இந்த எண்கள் சரியாக வந்த பிறகும் "இன்னும் வேணும்" என்பவர்களுக்கு மட்டும்தான் ரீமேப் பேச்சு.

அப்படி முடிவெடுத்தால், சரி, சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். இ.சி.யு.வில் முதலில் இருந்த மூல ஃபைலின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். டைனோவில் (பவரை அளக்கும் கருவி) மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே கியரில், அதே எஞ்சின் சூட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 'பின்' தாளை மட்டும் நீட்டினால் அதற்கு மதிப்பில்லை. வாரண்டி மிச்சம் இருந்தால் அது போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். புகையையும் பாருங்கள். 1996-ஆம் ஆண்டின் டீசல் புகை விதிமுறைப்படி எல்லை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). முழு மிதியில் பின்னால் வருபவர் ஹெட்லைட்டைப் போடும் அளவுக்குப் புகை வந்தால், எரியாத எண்ணெய்க்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். சம்மன் வந்தால் அது தனி.