கடற்கரையில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

விடுமுறை நெருங்கினால் என் கிளினிக்கில் ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். டாக்டர், கடலுக்குப் போகிறோம், காய்ச்சல் மருந்து எவ்வளவு கொடுக்கலாம், வாந்தி வந்தால் என்ன செய்வது, எந்த சன்ஸ்கிரீன் நல்லது. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான், பதிலும் எழுதிக் கொடுத்துவிடுவேன். அப்புறம் நான் ஒன்று கேட்பேன்: அங்கே போனதும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? "நாங்க எல்லாரும்தான் இருப்போமே" என்பார்கள். எனக்குக் கவலை தருவது அந்தப் பதில்தான்.

இரண்டு பேர் மட்டும் போனால் நீயா நானா என்ற கேள்வியாவது எழும். தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று கூட்டமாகப் போனால் அந்தக் கேள்வியே எழாது. பையன் பாட்டி பக்கத்தில் இருக்கிறான் என்று அப்பா நினைப்பார். பாட்டி, பையன் அப்பாவோடு அலையில் நிற்கிறான் என்று நினைப்பார். இருவருமே கவனக்குறைவானவர்கள் இல்லை. இடையில் விழுந்த அந்த 2 நிமிடம் மட்டும் யாருடைய கணக்கிலும் இல்லை.

2 நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்றால், மூழ்குவதற்கு அவ்வளவே போதும். சினிமாவில் வருவது போலக் கை காலை அடித்துக்கொண்டு யாரும் கத்துவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், முகம் குப்புற விழுந்தால் முழங்கால் அளவு தண்ணீரில்கூடத் தானாக எழ முடியாமல் போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, எல்லா வயதினரிலும் நீரில் மூழ்கி இறக்கும் விகிதம் அதிகமாக இருப்பது 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம்தான். அதனால் சத்தம் கேட்டால் ஓடலாம் என்று காத்திருக்க முடியாது, பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இதற்கு நான் சொல்லும் வழி ரொம்ப எளியது. முறை வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருவர். அந்த நேரத்தில் அவர் போனைத் தொடக்கூடாது, மது அருந்தியிருக்கக் கூடாது, புத்தகமும் அரட்டையும் கிடையாது. முறை மாறும்போது வாய் திறந்து சொல்ல வேண்டும்: "இப்ப நீங்க பாருங்க." எதிரில் இருப்பவரும் "சரி, நான் பார்க்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் முதல் ஆள் கண்ணை எடுக்கலாம். கொஞ்சம் ராணுவம் மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பவர்கள் உண்டு, சிரிக்கட்டும். முறை வைத்தால் மற்றவர்கள் நிம்மதியாகப் படுத்திருக்கலாம் என்பதுதான் உண்மையில் இதன் லாபம். தண்ணீருக்குள் இறங்கினால் 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 9 வயது அக்காவை இந்த முறையில் சேர்க்காதீர்கள், அவளும் குழந்தைதான். உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்றும் விடாதீர்கள், அவர் முழுக் கடற்கரைக்கும் ஒருவர்.

எல்லாரும் உஷாராக இருக்கும் குளியல் நேரத்தைவிட, வந்து இறங்கி விரிப்பைப் போடும் நேரமும், கிளம்பும்போது துண்டையும் செருப்பையும் தேடும் நேரமும்தான் எனக்குப் பயம். அதைவிட ஒரு படி மேலே, தங்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் முதல் ஒரு மணி நேரம். பெரியவர்கள் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், கதவு திறந்திருக்கும், கீழே நீச்சல் குளம். ஆகவே அறை பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: குளத்தைச் சுற்றி 4 பக்கமும் வேலி இருக்கிறதா, வாசல் தானாக மூடிக்கொள்ளுமா, அறைக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் உண்டா, பால்கனிக் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி.

கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தில் அழகாக இருக்கிறதா என்பதைவிட உயிர்காப்பாளர் பணியில் இருக்கிறாரா என்று பாருங்கள். பல நாடுகளில் மேல் பாதி சிவப்பும் கீழ் பாதி மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே உள்ள பகுதிதான் கண்காணிப்பில் இருக்கும், அதற்குள்ளேயே குளியுங்கள். முழுச் சிவப்புக் கொடி என்றால் குழந்தையோடு இறங்க வேண்டாம். இன்னொன்று, பார்க்க அமைதியான இடம் பத்திரமான இடம் இல்லை. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் கருமையாக, அலையில்லாமல் ஒரு பாதை தெரிந்தால், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் அங்கே இருக்கலாம். பிள்ளைக்கு அங்கே இறங்கினால் வசதி என்று நாம் தேடிப் போவதும் அதே இடம்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல் மிதக்க வேண்டும், கை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

காற்றடைத்த கைப்பட்டை, வாத்து மிதவை எல்லாம் விளையாட்டுச் சாமான்கள், உயிர் காப்பவை அல்ல. குழந்தையின் எடைக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட், கால்களுக்கு இடையே பட்டையோடு இருந்தால் நல்லது. உடை வாங்கும்போது நீலமும் வெள்ளையும் வேண்டாம், தண்ணீரில் கலந்துவிடும். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு வாங்குங்கள்.

வெயிலைச் சமாளிக்க, பொருளைவிட நேரம்தான் உதவும். காலை 10 மணிக்கு முன், மாலை 4 மணிக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் மதியத் தூக்கமும் கெடாது. நிழலில் உட்கார்ந்தாலும் மணலும் நுரையும் புற ஊதாக் கதிர்களைத் திருப்பி வீசும், எனவே குடைக்குக் கீழேயும் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் தேவை. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து வந்த பிறகும் திரும்பப் பூசுங்கள். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிழலும் உடையும்தான் பாதுகாப்பு, சன்ஸ்கிரீன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த வயதில் தாகம் என்று தனியாகத் தண்ணீரும் கொடுக்க வேண்டாம், பாலை அடிக்கடி கொடுங்கள்.

மணல் குழியைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. பிள்ளைகள் ஆசையாகத் தோண்டுவார்கள், பெரியவர்களும் உற்சாகத்தில் சேர்ந்துகொள்வார்கள். ஈரம் காயும்போதோ விளிம்பில் ஒருவர் ஏறி நிற்கும்போதோ சுவர் சரியும், உள்ளே இருக்கும் குழந்தையின் மார்பை மணல் அழுத்திவிட்டால் மூச்சு விட இடமிருக்காது, வெளியே இருப்பவர் அள்ள அள்ள மணல் மீண்டும் உள்ளே வழியும். கூட்டத்திலேயே சின்னக் குழந்தையின் முழங்காலுக்கு மேல் குழி ஆழமாகக் கூடாது, அவ்வளவுதான். சுரங்கம் தோண்டவே வேண்டாம். கிளம்பும்போது மூடிவிட்டு வாருங்கள்.

வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையைத் தண்ணீரில் இறக்காதீர்கள், நீச்சல் டயப்பர் கிருமியைத் தடுக்காது.

கடைசியாக, குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கடை, கழிப்பறை, கார் எல்லாம் அப்புறம். தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தைக்கு மூச்சில்லை என்றால் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேர விரயம், ஆபத்தும்கூட. ஆம்புலன்ஸை அழைக்க ஒருவரை விரட்டிவிட்டு, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதில் தொடங்கி, மார்பை அழுத்துவதையும் சேர்த்துச் செய்ய வேண்டும். மூழ்கியவருக்கு மார்பை மட்டும் அழுத்தினால் போதாது, குறைந்திருப்பது ஆக்சிஜன். உடனே மீட்டுவிட்டோம், பிள்ளை அழுதுவிட்டான் என்றாலும், அடுத்த சில மணி நேரத்தில் விடாத இருமல், வேகமான மூச்சு, வழக்கத்துக்கு மாறான சோர்வு எது வந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு கொடுக்கும் முறையைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, பொம்மையை வைத்துப் பழக வேண்டும். அரை நாள் பயிற்சி வகுப்புகள் பல இடங்களில் நடக்கின்றன. பயணச்சீட்டு எடுக்கும் வாரத்திலேயே அதற்கும் ஒரு தேதி குறித்துவிடுங்கள், வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்கு.