ஸ்பீக்கர் நின்றாலும் நிற்காத பாட்டு

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ். ஸ்பீக்கர் வயர் எங்கோ லூஸ். காத்தான்குடி தாண்டி ஒரு கிடங்கில் சில்லு விழுந்ததும் பழைய பாட்டு நின்றுவிட்டது. இரண்டு மூன்று செக்கன்தான். திரும்பப் பிடித்தபோது, யன்னலோரம் இருந்த அக்கா பிசகாமல் அதே சொல்லை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருக்குள் பாட்டு நிற்கவேயில்லை.

2005இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. பாட்டுகளின் நடுவே ஒலியை வெட்டிவிட்டு, கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். தெரிந்த பாட்டென்றால், அந்த மௌனத்திலும் கேட்டலுக்குரிய பகுதி கூடுதலாக வேலை செய்தது. தெரியாத பாட்டுக்கு அந்தளவு இல்லை.

ஊருக்கே தெரிந்த பாட்டுகளை எடுத்து, அவற்றைச் சுற்றிக் கதை கட்டும் 'ஜூக்பாக்ஸ் மியூசிக்கல்' நாடகங்களின் மூலதனமே இதுதான். 1999இல் லண்டனில் மேடையேறிய 'மம்மா மியா!'வைப் பாருங்கள். பாட்டெல்லாம் சுவீடனின் அபா என்ற பொப் இசைக் குழுவினுடையவை. கதையோ கிரேக்கத் தீவில் ஒரு கல்யாண வீடு. தகப்பன் யாரென்று அறிய மணப்பெண் மூன்று பேருக்கு அழைப்பு அனுப்புகிறாள். முன்னிசை தொடங்கியதுமே கேட்பவரின் மூளை அடுத்த வரிக்கு ஓடிவிடும். பிடித்த இசையின் உச்சம் வருமுன்பே, அதை எதிர்பார்க்கும்போதே மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற இரசாயனம் சுரக்கிறது என்று 2011இல் ஓர் ஆய்வு கண்டது. மெட்டு எதிர்பார்த்தபடியே வரும். அதை யார், யாரைப் பார்த்துப் பாடப்போகிறார் என்பதுதான் தெரியாது. சுகம் அங்கேதான்.

எங்கள் கூத்துக்காரருக்கும் இந்த வித்தை தெரியும். அரசன் வரவுக்கான தாளக்கட்டை, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் எடுத்தால், கூத்து மேடையான களரியோரம் பாயில் அரைத்தூக்கத்தில் கிடக்கும் அப்பாவும் நிமிர்ந்துவிடுவார். ஆனால் பாட்டு விஷயத்தில் நம்மவர் பழக்கம் தலைகீழ். தெரிந்த மெட்டுக்குப் புதுச் சொல் போடுவார்கள். பழைய நாடகப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே 'இன்ன பாட்டின் மெட்டு' என்றே அச்சிட்டிருக்கும். 1728இல் லண்டனில் 'பெக்கர்ஸ் ஒபெரா' என்ற இசை நாடகமும் அப்படித்தான் செய்தது. ஜூக்பாக்ஸில் சொல்லையும் பெரும்பாலும் தொடமாட்டார்கள். கதைதான் வளைய வேண்டும். பல நாடகங்கள் நொண்டுவது அதனால்தான் என்பது என் கணிப்பு.

மெட்டையே மாற்றினால் என்ன ஆகும்? அன்று பஸ்ஸில் அடுத்து வந்தது அதே பாட்டின் ரீமிக்ஸ். ஒரு வரி முணுமுணுத்துப் பார்த்தார் அக்கா. சொல் முந்தியது, தாளம் பிந்தியது. சரி என்று விட்டுவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். ஆரையம்பதி வந்திருந்தது.