புதிய டிரைவைத் தேடப்போய்ப் பழையதை அழித்துவிடாதீர்கள்

ஹட்டனில் கணினி திருத்தும் என் மேசைக்குப் பாடசாலை விடுமுறைக் காலத்தில் அடிக்கடி வரும் முறைப்பாடு, புதிதாகப் பொருத்திய சேமிப்பு டிரைவ், கணினி விளையாட்டுகளை வாங்கி இறக்கி ஆடும் ஸ்டீம் செயலியில் தெரியவில்லை என்பதாகும். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி, மழைக்கு நனையாதபடி உரப்பைக்குள் சிபியூவைக் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். கொழும்பில் வேலை செய்யும் மாமா வாங்கிக் கொடுத்த 1 டிபி எஸ்எஸ்டி ஸ்டீமில் காட்டவில்லை என்று அவர் ஸ்டீமையே நீக்கிவிட்டு மீண்டும் போட்டிருக்கிறார். ஸ்டீமை நீக்கினால் அதற்குள் இருக்கும் விளையாட்டுகளும் சேர்ந்தே போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது. அவற்றைத் திரும்ப இறக்கியதில் அந்த மாத டேட்டா முடிந்துவிட்டது.

ஸ்டீமில் எந்தப் பிழையும் இல்லை. விண்டோஸ் டி, ஈ என்பதுபோல் ஓர் எழுத்துக் கொடுத்துக் காட்டும் டிரைவைத்தான் அதனால் காண முடியும்; புதிய டிரைவோ பெரும்பாலும் வெறுமையாகவே பெட்டிக்குள் வருகிறது. விண்டோஸ் விசையையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், 'நாட் இனிஷியலைஸ்ட்' (இன்னும் தயார்செய்யப்படவில்லை) என்ற குறிப்போடும் கறுப்புப் பட்டையோடும் அது அங்கே இருக்கும். டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் ஜிபிடி முறையைத் தெரிவுசெய்து (பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் கையாளாது), விண்டோஸ் கோப்புகளைச் சேமிக்கும் என்டிஎஃப்எஸ் வடிவில் புதிய வால்யூம், அதாவது சேமிப்புப் பகுதி, உருவாக்கி எழுத்துக் கொடுத்தபின், ஸ்டீம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் அந்த டிரைவைச் சேர்க்கவேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே தெரியாவிட்டால் பயாஸை, அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையை, பாருங்கள். மதர்போர்டிலேயே செருகும் சிறு அட்டை போன்ற எம்.2 வகை எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலிருந்தாலும் எல்லா மதர்போர்டும் இரண்டையும் ஏற்பதில்லை.

ஆனால் அந்தத் தம்பி என்னிடம் வந்த உண்மையான காரணம் வேறு. அவருடைய பழைய ஹார்ட் டிஸ்க்கும் 1 டிபிதான். டிரைவ் தயாரிக்கும் நிறுவனங்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதை விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுவதால், இரண்டுமே 931 ஜிபி என்றே தெரிந்தன. டிஸ்க் 0 எது, டிஸ்க் 1 எது என்று நிதானிக்காமல், அக்காவின் உயர்தரப் பாடக்குறிப்புகள் இருந்த டிஸ்க்கை ஃபோர்மட் செய்துவிட்டார்.

பெட்டி பிரித்த புதிய டிரைவைத் தயார்செய்ய எதையும் அழிக்கவேண்டிய தேவையே இல்லை. 'இதிலுள்ளவை அழிந்துவிடும்' என்று விண்டோஸ் எச்சரித்தால், நீங்கள் நிற்பது வேறு டிஸ்க்கின் மேல். என்னைக் கேட்டால், கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, விண்டோஸ் இல்லாத பழைய டிஸ்க்கின் வயரை முதலில் உருவி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவதே மேல்.

அவருடையது ஹார்ட் டிஸ்க் என்பதாலும், செய்தது தரவை முழுமையாக அழிக்காத குவிக் ஃபோர்மட் என்பதாலும், அதன்பின் எதையும் அதில் எழுதாததாலும் பெரும்பகுதியை மீட்க முடிந்தது. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால், ஃபோர்மட் செய்தவுடனேயே ட்ரிம் என்ற கட்டளை போய், பழைய தரவைத் திரும்பப் படிக்க முடியாமல் செய்திருக்கும். இரசாயனவியல் கோப்புகள் இரண்டு மட்டும் திறக்கவேயில்லை. "அத அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்கண்ணே" என்று போனை என் கையில் கொடுத்தார்.