புரளி அழைப்பு

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ‘புரளி பண்ணாதே’ என்றால் சேட்டை செய்யாதே என்று பொருள். பாட்டிமார் பேரப்பிள்ளைகளை அப்படித்தான் அதட்டுவார்கள். அதில் கோபம் பாதி, செல்லம் பாதி. அதே சொல் நாளிதழில் ‘வெடிகுண்டு புரளி’ என்று வரும்போது செல்லம் கழன்றுவிடுகிறது. அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து, இல்லாத தீயையும் நடக்காத விபத்தையும் சொல்லும் செயலுக்குத் தமிழில் பெயர் தேடினால் நான் இந்தச் சொல்லிடம்தான் வந்து நிற்கிறேன்.

வேர், புரள். தூக்கம் வராமல் பாயில் புரள்கிறோம். ஆறு கரைபுரள்கிறது. சொன்ன சொல்லை மாற்றுகிறவனை நாக்குப் புரண்டவன் என்கிறோம். பிறவினையான புரட்டுக்கும் ஏமாற்று என்ற பொருள் உண்டு. உள்ளதை இல்லாததாகவும் இல்லாததை உள்ளதாகவும் கவிழ்த்துப் போடுவது புரளி. பொய்யோடு கலகம் என்ற பொருளையும் அகராதிகள் இதற்குத் தருகின்றன. ஒரு பொய்யால் ஊரே கலைந்து ஓடுவதை இவ்வளவு சிறிய சொல் பிடித்து வைத்திருக்கிறது. (தோட்டத்தில் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் ‘பெரட்டு’ இந்தப் புரட்டுக்குச் சொந்தமில்லை. அது ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் திரிந்தது.)

மலாயில் இதை ‘பங்கிலான் பல்சு’ என்கிறார்கள். பொய் என்று பொருள்படும் பல்சு போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல். தீயணைப்புப் படைக்கு நாம் சொல்லும் ‘பொம்பா’வும் அங்கிருந்து வந்ததுதான், அங்கே அதற்கு நீர் இறைக்கும் பம்பு என்று பொருள்.

இளையவர்கள் ‘பிராங்க் கால்’ என்கிறார்கள். சிலர் அதை ‘விளையாட்டு அழைப்பு’ என்று பெயர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில், பெரிய பையன்கள் சிலர் ஒட்டுக்கடை அருகிலிருந்த பொதுத் தொலைபேசியில் கூப்பிட்டு, லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், தீ என்று சொல்லிவிட்டார்கள். செம்மண் சாலையில் புழுதி கிளம்ப பொம்பா வண்டி வந்தது. எங்கே தீ, எங்கே தீ என்று வீரர்கள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். அந்த அரைமணி நேரத்தில் வேறு எந்தக் கம்பத்தில் (கிராமத்தில்) வீடு பற்றியிருந்தாலும் அந்த வண்டி அங்கே இருந்திருக்காது. இதை விளையாட்டு என்று எப்படி எழுதுவது?

‘போலி அழைப்பு’ என்றும் எழுதுகிறார்கள். போலி என்பது ஒன்றைப் போல வேடமிடுவது. வங்கி அதிகாரி போலப் பேசிப் பணம் பறிக்கிறார்களே, அதற்கே அது பொருந்தும். ‘தவறான அழைப்பு’ இன்னும் ஆபத்து. புகையைக் கண்டு பயந்து நல்லெண்ணத்தோடு அழைத்தவரையும் அது குற்றவாளி ஆக்கிவிடும்.

சட்டமும் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 182-ஆம் பிரிவில் முக்கியமான சொல் ‘அறிந்தே’. பொய் என்று அறிந்தே ஒரு தகவலைச் சொல்லி, அரசு ஊழியரைச் செய்யத் தேவையில்லாத வேலையில் இறக்கினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து எண் மாறாமல் இங்கே வந்த பிரிவு இது. தொலைபேசி வழியாகச் செய்தால் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவும் பாயலாம். அதன் உச்ச அபராதம் முன்பு 50,000 வெள்ளி, சிறை ஓராண்டு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அதை 500,000 வெள்ளி, இரண்டாண்டு என்று உயர்த்தியது. ஆகவே போலீஸ் புகாரில் எழுதும்போது ‘பொய்த்தகவல்’ என்பதே துல்லியம். பேச்சுக்கும் பள்ளி அறிவிப்புப் பலகைக்கும் ‘புரளி அழைப்பு’.

‘அவசர’ என்பதை முன்னால் ஒட்டலாமா என்று கேட்பார்கள். வடமொழியில் அவசரம் என்றால் தருணம், வாய்ப்பு. விரைவு என்ற பொருள் தமிழில் ஊன்றியது. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கோ அந்தச் சொல் வேறொன்றையும் நினைவூட்டும். 1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்டத் துரைமார் கொல்லப்பட்ட பிறகு வந்து, 1960 வரை நீடித்த அவசரகாலம் அது. ‘அவசரப் புரளி அழைப்பு’ என்று நீட்டாமல் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கைப்பேசி பையில் அழுந்தி 999-க்குப் போய்விட்டால் அது புரளி அல்ல, ‘கைதவறிய அழைப்பு’. துண்டிக்காமல், கைதவறிவிட்டது என்று எடுப்பவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.