லைன் அறுந்தால் சர்வரில் ஓடும் வேலை என்ன ஆகும்?

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைந்து கமாண்ட் கொடுக்கும் வழி) மூலம் சர்வரில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது வைஃபை போய்விடும். டெர்மினல் அப்படியே உறைந்து நிற்கும். உடனே அந்த விண்டோவை மூடி, புதிதாக உள்ளே போய், அதே கமாண்டை மறுபடி அடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய வேலை இன்னும் உயிரோடு இருக்கக்கூடும்.

நெட் போனது நமக்குத்தான் தெரியும்; சர்வருக்கு உடனே தெரியாது. தான் அனுப்பிய டேட்டாவுக்குப் பதில் வராவிட்டால், லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, சுமார் 15 நிமிடம் கழித்துத்தான் அந்த இணைப்பைக் கைவிடும். அனுப்ப ஒன்றும் இல்லாமல் சும்மா கிடந்தால் இன்னும் மோசம். அமைப்பில் யாரும் கை வைக்காத சர்வரில் டிசிபி கீப்அலைவ் சோதனை (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது) தொடங்கவே 2 மணி நேரம் ஆகும். அதுவரை உங்கள் ஷெல்லும் (கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம்) அதில் ஓடும் வேலையும் அங்கேயே இருக்கும். இணைப்பு செத்துவிட்டது என்று சர்வர் முடிவுகட்டிய பிறகுதான் 'சிக்ஹப்' என்ற சிக்னல் போகும். பெரும்பாலான புரோகிராம்கள் அதோடு நின்றுவிடும்.

இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. உறைந்த விண்டோவைத் தொடாதீர்கள். அதே ஐபியோடு நெட் திரும்பி வந்தால், அது தானாகவே ஓட ஆரம்பிக்கலாம். நெட் வந்த நேரத்தில் அதை மூடினால், உயிரோடு இருந்த வேலையை நாமே கொன்றதாகிவிடும். வேறொரு விண்டோவில் உள்ளே போய், ஓடும் வேலைகளைக் காட்டும் 'பிஎஸ்' கமாண்டைப் போட்டுப் பாருங்கள். வேலை இருக்கிறதா? இருந்தால் 'ரெப்டைர்' என்ற சின்னக் கருவி அதைப் புது டெர்மினலுக்கு இழுத்துக் கொடுக்கும். உபுண்டு லினக்ஸில் இதற்கு ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். எல்லா புரோகிராமுக்கும் இது சரிவரும் என்று சொல்ல முடியாது.

வேலை செத்திருந்தால்? உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி பாதியில் நின்றிருந்தால், லாக் ஃபைலை (பூட்டுக் கோப்பை) அழிக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். லாக்கை இன்னொரு புராசஸ் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று உறுதியானதும், ஏபிடிக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜியின் 'கான்ஃபிகர்' கட்டளையை 'ஏ' (-a) ஆப்ஷனோடு கொடுங்கள். பாதியில் நின்ற பேக்கேஜ்களை அது முடித்துவைக்கும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஒரு டேபிளை ஆல்டர் செய்துகொண்டிருந்தால், அந்த வேலை சர்வர் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கலாம். மறுபடி கொடுக்கும் முன், அங்கே ஓடும் வேலைகளின் பட்டியலான பிராசஸ்லிஸ்டைப் பாருங்கள்.

சரி, இவ்வளவு பாடுபடாமல் இருக்க வழி? சர்வருக்குள் போனதும் முதலில் டீமக்ஸ், அப்புறம்தான் வேலை. டீமக்ஸ் என்பது சர்வரிலேயே ஓடும் ஒரு கருவி; அது உங்கள் ஷெல்லைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. எஸ்எஸ்ஹெச் அறுந்தால் அறுவது அதைப் பார்க்கும் ஜன்னல் மட்டும்தான். திரும்ப வந்து 'டீமக்ஸ் அட்டாச்' என்றால் விட்ட இடத்திலேயே இருப்பீர்கள். பழைய இணைப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்து திரையளவு கோணலாகத் தெரிந்தால், கூடவே 'டி' (-d) ஆப்ஷன் சேருங்கள்; பழையது கழன்றுவிடும். 1987 முதல் இருக்கும் 'ஸ்கிரீன்' என்ற கருவியும் இதே வேலையைச் செய்யும். உபுண்டுவில் எஸ்எஸ்ஹெச் வழியாக ரிலீஸ் அப்கிரேடு (அடுத்த பதிப்புக்கு மாறுவது) தொடங்கினால், அது தானே ஸ்கிரீனுக்குள் போய், 1022 போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்ஹெச்சையும் திறந்துவைக்கிறது. அதை உருவாக்கியவர்களே லைனை நம்பவில்லை, நாம் ஏன் நம்ப வேண்டும்?

ரயிலில் போனபடி வேலை பார்ப்பவர்களுக்கு, எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதிலாகப் பயன்படும் 'மாஷ்' நல்லது. யுடிபியில் ஓடுவதால் ஐபி மாறினாலும் தாங்கும். ஆனால் லேப்டாப்பே அணைந்துபோனால் அந்த செஷனுக்குத் திரும்ப வழியில்லை. அதனால் மாஷுக்குள்ளும் டீமக்ஸ் வேண்டும்.

ஒரே ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, 2016இல் வந்த 230ஆம் பதிப்பிலிருந்து, லாக்அவுட் ஆனதும் பயனரின் எல்லா புராசஸையும் கொல்வதை இயல்பான நடத்தையாக்கியது. பல டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள்) அதை அணைத்தே தருகின்றன, எல்லாம் அல்ல. டீமக்ஸே காணாமல் போகிறது என்றால், சிஸ்டம்டியில் லாகினைக் கவனிக்கும் லாகின்டியின் அமைப்பில் 'கில்யூசர்புராசசஸ்' வரியைப் பாருங்கள். அது 'யெஸ்' (yes) என்றிருந்தால் 'நோ' (no) ஆக்குங்கள்.