புத்தகத்தை மூடினால்தான் பாடம் பதியும்

எல்லா மாணவருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே கால அளவு, ஒரே மதிப்பீட்டு முறை என நடத்தப்படும் தரப்படுத்தப்பட்ட தேர்வுக்குப் பிள்ளையைத் தயார்செய்யும் பெற்றோர், "இன்னொரு முறை படி" என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். திரும்பப் படிக்கும்போது பாடம் தடையின்றி ஓடுவதால், பிள்ளையும் அது மனத்தில் நின்றுவிட்டதாகவே நம்புகிறது. ஆனால் கண்ணெதிரே இருப்பதை அடையாளம் காண்பது வேறு, எதிரே இல்லாததை நினைவிலிருந்து வரவழைப்பது வேறு.

இந்த வேறுபாட்டை ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கே என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை இருமுறை படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒருமுறை படித்தபின், தாளைப் பாராமல் நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள்: அவர்களுக்கு 81 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழிந்ததும் நிலை தலைகீழானது: படித்தவர்களுக்கு 42 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடும் நினைவில் இருந்தன. பள்ளி வகுப்பறைகளில் பின்னர் நடந்த ஆய்வுகளும் இதே போக்கைக் காட்டியுள்ளன.

ஒரு செய்தியை முயன்று மீட்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் அதை அடுத்த முறை எட்டுவது எளிதாகிறது. எது தெரியவில்லை என்பதும் அப்போதே வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி, புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான். உடனே விடை வராவிட்டால் சற்றுக் காத்திருக்க வேண்டும். அந்தத் திணறலும் கற்றலின் ஒரு பகுதியே.

கணக்குப் பயிற்சியில் இன்னொரு நுட்பம் உண்டு. டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சில திண்மங்களின் கன அளவைக் காணும் கணக்குகளை ஒரு குழுவினர் வகைவாரியாகவும் மற்றொரு குழுவினர் கலந்தும் செய்தார்கள். பயிற்சியின்போது வகைவாரியாகச் செய்தவர்கள் 89 விழுக்காடும், கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ முன்னவர்கள் 20 விழுக்காட்டுக்குச் சரிய, பின்னவர்கள் 63 விழுக்காடு பெற்றார்கள். எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் திறன், கலந்து செய்யும்போதுதான் வளர்கிறது. பயிற்சித்தாளில் நிறையத் தவறுகளைக் கண்டு கலங்கும் பெற்றோருக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் மட்டும் ஓர் ஆபத்து இருக்கிறது. தவறான விடையைக் குறித்துவிட்டு, சரியானது எது என்று அறியாமலே நகர்ந்துவிடும் பிள்ளையின் மனத்தில் அந்தத் தவறே உண்மையைப்போல் பதியக்கூடும். எனவே மாதிரித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு விடையையும் பிள்ளையோடு சேர்ந்து சரிபார்க்க வேண்டும். தவறவிட்ட வினாக்களைச் சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் கேட்க வேண்டும்.

பதற்றம், கணக்கிடும்போது எண்களை மனத்தில் தாங்கி நிற்கும் செயல்படு நினைவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வினாத்தாளின் அமைப்பும் கால வரம்பும் முன்பே பழகியிருந்தால் அந்தச் சுமை குறைகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படிப்பதோ, படித்ததை நிலைப்படுத்தும் உறக்கத்தையே பறித்துவிடுகிறது.